கோரைக்குப் போட்ட உப்பு

வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கோரைப்புல்லிலிருந்து ஒரு சத்தம் வரும். பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுத்துக்கொள்வது மாதிரி. அம்பலவாணன் அந்தச் சத்தத்துக்காகக் குனிந்து காத்திருந்தார். வந்தது. வாசலில் பாவியிருந்த சிமெண்டுப் பலகைகளின் இடுக்கில் பச்சை ஒரு நொடியில் கறுத்து, வெந்த கீரை வாசனையோடு ஆவி முகத்தில் அடித்தது. மணி ஒன்பதரை. பத்தரைக்கு வண்டியை எடுப்பதாகக் கதிரேசன் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக் கதிரேசனும் அவர் மனைவி சுகந்தியும், தங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் அங்காயியைக் காரில் ஏற்றிக்கொண்டு எல்லைக் காளியம்மன் கோயிலுக்குப் போகப்போகிறார்கள். அங்கே அங்காயி ஈரப்புடவையோடு நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, உங்கள் வீட்டுச் சுவரோரம் உப்பும் எலுமிச்சம்பழமும் வைத்தது நான் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். சாட்சிக்கு அம்பலவாணன் வர வேண்டும். "ஒரு பெரிய மனுஷன் கூட நிக்கணும்ணே. சர்வேயர் சொன்னா நாலு பேர் நம்புவாங்க" என்று நேற்றுச் சாயந்தரம் கதிரேசன் இதே வாசலில் நின்றுதான் சொன்னார். சரி என்று தலையாட்டியவர் அம்பலவாணன். உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் அங்கே வைத்தவரும் அவர்தான்.

வைத்தவர் என்று சொல்லலாமா என்பதில் காலையிலிருந்து அவருக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மருந்தை யாரும் வைப்பதில்லை, போடுவார்கள். அவர் போட்டார். கல்லுப்பு ஒரு கைப்பிடி. அதன்மேல் எலுமிச்சைச் சாறும் பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரும் கலந்து ஒரு பாட்டில். இதில் எங்கே வந்தது செய்வினை? கைப்பேசியில் வந்த செய்முறை அது. தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாள், கடை மருந்து மண்ணைக் கெடுக்கும், உங்கள் அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வினிகர் ஊற்றச் சொன்னாள். வினிகர் வாசனை மனைவி மங்கைக்கு ஆகாது, வீட்டுக்குள் வந்தாலே குமட்டுகிறது என்பாள். புளிப்புதானே வேண்டும், எலுமிச்சை போதாதா என்று அவரே ஒரு மாற்றுக் கண்டுபிடித்தார். வீட்டில் எலுமிச்சைக்கா பஞ்சம். மங்கை செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலுக்குப் போய்வருகிறவள். ஒவ்வொரு தடவையும் பூசாரி குங்குமம் அப்பிய பழம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார். அது சாமி படத்தடியில் உட்கார்ந்து தோல் சுருங்கும். குப்பையில் போடக் கூடாது, சமைக்கக் கூடாது. "கால் படாத இடமாப் பாத்துப் போட்டுருங்க" என்று மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுப்பாள். கால் படாத இடம் என்றால் அது ஒன்றுதான். அவருடைய மதிலுக்கும் கதிரேசன் வீட்டுச் சுவருக்கும் நடுவே கிடக்கும் முக்கால் அடி மண். சாறு பிழிந்த மூடிகளையும் அங்கேயே போட்டார். சொன்னபடி கால் படாத இடத்தில். குங்குமத்தோடு. உப்புக்கு நடுவில். இப்போது நினைத்தால் இதைவிடப் பொருத்தமாக ஒரு செய்வினையை எந்த மந்திரவாதியாலும் செய்திருக்க முடியாது என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று உடனே பயமும் வந்தது. யாராவது பார்த்திருப்பார்களோ என்று நிமிர்ந்தார்.

கதிரேசன் வீட்டு மாடியில் கேமரா இருந்தது. வெள்ளிக்கிழமை உப்பைக் கண்டுபிடித்தார்கள், சனிக்கிழமை மத்தியானம் அதை மாட்டிவிட்டார்கள். இனிமேல் எவனாவது கை வைக்கட்டும் என்று கதிரேசன் சொன்னது தெருவுக்கே கேட்டது. வெள்ளையாக, கோழிமுட்டை அளவில், மாடித் தூணில். அது எந்தப் பக்கம் பார்க்கிறது? நேற்று ராத்திரி சாப்பிடும்போதும் அவர் இதையே கணக்குப் போட்டார். முப்பது வருஷம் நிலம் அளந்த ஆளுக்கு ஒரு கோணம் பிடிபடாதா. தூண் தரையிலிருந்து பதினாலு அடி. தங்கள் கேட்டையும் தெருவையும் பார்ப்பதற்கு மாட்டியிருந்தால் முகம் தெற்கே இருக்க வேண்டும். இது தென்மேற்கே சாய்ந்திருக்கிறது. தென்மேற்கில் என்ன இருக்கிறது? இந்த வாசல் இருக்கிறது. இப்போது கஞ்சிப் பானையோடு குனிந்திருக்கும் அவர் இருக்கிறார். மாட்ட வந்தவன் கைபோன போக்கில் திருகியிருக்கலாம். அல்லது கதிரேசனே, இன்னும் கொஞ்சம் இப்படி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லித் திருப்பியிருக்கலாம். அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்காயி சத்தியம் செய்யப் போகவில்லை. அங்காயியைச் சாக்கு வைத்து அம்பலவாணனைக் கொண்டுபோய்ச் சன்னிதியில் நிறுத்தப்போகிறார்கள். அவள் கற்பூரத்தை அணைப்பதற்கு ஒரு நொடி முன்னால் கதிரேசன் மெதுவாகத் திரும்பி, நீங்களும் ஒரு தடவை அணைச்சிருங்களேண்ணே, சும்மா ஒரு இதுக்கு, என்பார்.

இப்படி நினைப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது. கதிரேசன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருக்கிறவர், சத்தமாகப் பேசுவார், மறந்துபோவார். கறிவேப்பிலை மரம் காய்ந்தபோதுகூட இவரிடம்தானே வந்து கேட்டார். அந்த முக்கால் அடி மண்ணின் பின்கோடியில் நின்ற மரம் அது. மாடி ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. முதலில் நுனியிலை மஞ்சளாயிற்று, அப்புறம் ஓரம் தீய்ந்தது, அப்புறம் ஒரே வாரத்தில் மொட்டையாயிற்று. "என்னண்ணே இது, நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் கதிரேசன். "வேர்ப்பூச்சியா இருக்கும்" என்றார் அம்பலவாணன். அப்போதே தெரியும், உப்பு வேருக்குப் போய்விட்டது. மழை பெய்த மறுநாள் அவர் அந்த மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தவர். வேர்ப்பூச்சி என்று வாய் எவ்வளவு லேசாகச் சொல்லிற்று. யோசிக்கக்கூட இல்லை. அந்தப் பொய்தான் முதல் கல். அன்றைக்கே, அட நான் கோரைக்கு உப்புப் போட்டேன் கதிரேசன், உங்க மரத்துல பட்டுருச்சு, மன்னிச்சுக்கங்க என்றிருந்தால் ஒரு மரத்தோடு போயிருக்கும். கேட்காமல் அடுத்தவன் மண்ணில் கை வைத்ததுதான் அப்போது பெரிய குற்றமாகத் தெரிந்தது. முக்கால் அடி என்பதும் குத்துமதிப்பு இல்லை. அவர்கள் கடைக்கால் தோண்டிய அன்று இவரே நாடாவைப் பிடித்து, இது உங்களுது, சுவரை இதுக்குள்ளயே நிறுத்திக்கங்க என்று காட்டிய முக்கால் அடி. ஊரான் எல்லையெல்லாம் அளந்து கொடுத்தவன் மதிலுக்கு மேலே கையை நீட்டி அந்தப் பக்கத்தில் உப்புப் போட்டான். காலையில் பால்காரன் வருகிற நேரத்தில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. களைக்கு மருந்து போடுகிறவன் எதற்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்?

"என்னங்க, உலை கொதிச்சிருச்சு. இதையும் எடுத்துக்கங்க." மங்கை நிலைப்படியில் நின்றாள். துணி சுற்றிய கையில் அலுமினியப் பாத்திரம். "பாத்து, கால்ல ஊத்திக்காதீங்க. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஒரு மனுஷன் புல்லுக்கு வெந்நி வச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு." அவர் வாங்கிக்கொண்டார். அவள் போகவில்லை. தெருவைப் பார்த்தாள், பக்கத்து வீட்டைப் பார்த்தாள். "பாவம், அங்காயி வந்து உக்காந்திருக்கா. தலையோட குளிச்சிட்டு அப்படியே வரச் சொன்னாங்களாம். புடவையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு" என்றாள். அவர் துணியை இன்னொரு கைக்கு மாற்றிப் பாத்திரத்தைப் பிடித்தார். "உப்பு தீந்துபோச்சுன்னு முந்தாநாள் ரெண்டு பாக்கெட் வாங்கினேன்" என்றாள் மங்கை. "நீங்க போறீங்கதானே அவங்களோட?" "கூப்பிட்டாரே." "போங்க, போங்க. பெரிய மனுஷன்" என்றுவிட்டு உள்ளே போனாள். அவர் அந்த மூன்று பேச்சையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உப்பைப் பற்றி இப்போது ஏன் சொல்ல வேண்டும்? உப்பு வாங்கினால் வாங்கினேன் என்று புருஷனிடம் ஒப்பிக்கிற வழக்கமா அவளுக்கு? ஒரு மாதத்தில் ரெண்டு பாக்கெட் கல்லுப்பு போயிருக்கிறது, வீட்டில் ஊறுகாய் போடவில்லை. எங்கே போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததே சந்தேகம். பழங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். வெள்ளிக்கிழமை சுகந்தி அழுதுகொண்டே வந்து, அக்கா குங்குமம் தடவுன பழம்க்கா, அறுத்துப் போட்டிருக்காங்க என்று சொன்னபோது, மங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடப்பாவிங்களா என்றாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று பிடரியைப் பார்த்தே தெரிந்தது. அல்லது அப்படித் தோன்றியது. முப்பத்தைந்து வருஷமாகக் கூட இருப்பவளின் பிடரியில் இருப்பது என்ன என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது பாத்திரத்தை மதிலோரம் ஊற்றினார். இந்தப் பக்கத்து மதிலோரம். கோரை மேலே வெந்தாலும் கீழே கிழங்கு இருக்கும், பத்து நாளில் ஊசி மாதிரி திரும்ப வரும் என்பது அவருக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் கை சும்மா இருக்கக் கூடாது. வழக்கமான ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்க வேண்டும். அதுவும் தப்போ. உப்புப் போட்டுப் புல்லைக் கருக்கியவனை ஊரெல்லாம் தேடும்போது ஒருவன் வாசலில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிப் புல்லைக் கருக்கினால் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் என்றா, அல்லது துணிச்சல்காரன் என்றா? வேடசந்தூர்ப் பக்கம் ஒரு அண்ணன் தம்பி வழக்குக்கு அளக்கப் போனது நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது, சங்கிலி போட்டு அளந்த காலம். யாரோ எல்லைக்கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டிருந்தார்கள். கூட வந்த பழைய சர்வேயர் கல்லைப் பார்க்கவே இல்லை. ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலியின் அந்த முனையைப் பிடிக்க யாராவது வாங்கப்பா என்றார். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். தம்பி ஓடிவந்தான். முள்ளில் கால் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். பழைய சர்வேயர் டீ குடிக்கும்போது சொன்னார், இவன்தான்யா, ஒத்தாசைக்கு எவன் மொதல்ல வர்றானோ அவனைப் பாத்துக்க. அதற்குப் பிறகு எத்தனையோ வழக்கில் அம்பலவாணன் அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். நேற்றுக் கதிரேசன் கூப்பிட்டபோது தான் எப்படித் தலையாட்டினோம்? வேகமாகவா? ஒரு பேச்சு, வேண்டாமே, இதெல்லாம் எதுக்குங்க, பெண்ணை ஆஸ்பத்திரியில காட்டுங்க என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்.

கதிரேசனின் பெண் மாடியில் படுத்திருக்கிறாள். யாழினி. திருமணமாகி இரண்டு வருஷத்தில் இரண்டு தரம் கலைந்துவிட்டது. இது மூன்றாவது, மூன்றாவது மாதம். அதற்காகத்தான் புருஷன் வீட்டிலிருந்து கூட்டிவந்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கிறது. டாக்டர், பயப்பட வேண்டாம், படுத்தே இருக்கட்டும், ஒரு வாரம் பார்க்கலாம் என்றாராம். அந்த ஒரு வாரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் சுகந்தி மறுநாள் காலையில் வீட்டைச் சுற்றிவந்திருக்கிறாள். பட்டுப்போன மரத்தைப் பார்த்திருக்கிறாள், அதனடியில் குனிந்திருக்கிறாள். இதெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்று அவர் கேட்டுக்கொண்டார். மண்ணில் உப்புப் போட்டால் மரத்துக்குச் சேரும். மாடியில் படுத்திருக்கிறவளுக்கு எப்படிச் சேரும்? சேராது. சேரவே சேராது. இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லிக்கொள்கிறார் என்பதுதான் இடித்தது. சேராதது என்றால் ஒரு தரம் சொன்னால் போதுமே. அங்காயிக்கும் சேராதுதான். போன மாதம் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணோம் என்று சுகந்தி அவளைப் பேசிவிட்டாள். சிமிழ் பிறகு சாமி அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. கிடைப்பதற்கு முன் அங்காயி, என் வயிறு எரியுதுக்கா, நான் ஒண்ணும் சொல்லல என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வயிறு எரிகிறது என்றாளே, அன்றைக்கே வைத்திருப்பாள். அவ்வளவுதான் சாட்சியம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கை நீட்டியவனுக்கு எதிராக இந்தச் சாட்சியம்கூட இல்லை.

அங்காயி பார்த்திருப்பாளோ? ஒருநாள் காலையில் அவர் உப்புப் போட்டுவிட்டுக் கையைத் தட்டும்போது மேலே ஏதோ படபடத்தது. அங்காயி மொட்டைமாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். கீழே பார்க்கவில்லை. பார்த்ததாக இவருக்குத் தெரியவில்லை. இப்போது அவள் குரல் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, இன்னிக்கு நமக்குத்தான் திருவிழா. கார்ல கூட்டிட்டுப் போறாகல்ல." யாரோ ஏதோ கேட்டார்கள். "செய்வினை வைக்கத் தெரிஞ்சா எம் புருசனுக்குல்ல மொதல்ல வச்சிருப்பேன். அவனே நல்லாத்தேன் இருக்கான், மூணு வேளையும் திங்கிறான்." கேட்டவள் சிரித்தாள். அங்காயி சிரிக்கவில்லை. "கற்பூரம் சுடும்லக்கா" என்றாள். "பண்ணாதவுகளுக்குச் சுடாதுங்கிறாக. நெருப்புக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு ஏற்கெனவே சோப்புத்தூள்ல கையெல்லாம் வெடிப்பு. சுட்டுக் கொப்புளம் போட்டுச்சுன்னா அதுவே சாட்சியாப் போயிரும். அப்புறம் இந்தத் தெருவுல எவ வீட்டுப் பாத்திரத்தைத் தொட விடுவாக?" அம்பலவாணன் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கொப்புளத்தை அவர் நினைக்கவே இல்லை. இத்தனை கோணமும் கணக்குப் போட்ட ஆள், யார் யாரைப் பார்த்தார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று மூன்று நாளாகப் பிரித்துப் பிரித்து வைத்த ஆள், அவளுடைய கையை ஒருதரம்கூட நினைக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவரும் எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்படியானால் அவரும் அதை நம்புகிறவர்தானா? அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமை?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் போகாமல் சுற்றிச் சுற்றித்தான் அவர் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார். நாலு தடவை உப்புப் போட்டதில் மூன்று தடவை வெறும் கோரைதான். நாலாவது தடவைக்கு முந்தின நாள் சாயந்தரம் சுகந்தி பால்கோவாவோடு வந்தாள். யாழினி உண்டாகியிருக்கிறாள், இந்தத் தடவை நல்லபடியாகத் தங்கணும், வாழ்த்துங்கண்ணா என்றாள். அவர் வாழ்த்தினார். அவள் போன பிறகு மங்கை பால்கோவாவை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இவர்கள் மகன் மகேந்திரன் ஓசூரில் இருக்கிறான், முப்பத்து மூன்று வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்கு யாழினியைக் கேட்டார்கள். கதிரேசன் இரண்டு நாள் கழித்து வந்து, ஜாதகம் சரியா வரலைண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க என்று வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். எடுத்துக்கொள்ளவில்லை என்றார் அம்பலவாணன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதையும் கேட்பதில்லை. ஒரு ஏணிகூட. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் மதிலருகே நின்றபோது பால்கோவாவின் இனிப்பு இன்னும் பல்லில் இருந்தது. உப்பை அள்ளினார். எப்போதும் ஒரு கைப்பிடி, அன்றைக்கு மூன்று. மூன்றாவது பிடியைப் போடும்போது மனசில் ஒன்று ஓடிற்று. தெளிவாக, வார்த்தையாக. எல்லாம் இவர்களுக்கே கிடைக்கிறது, இவர்களுக்கும் ஏதாவது ஒன்று குறையட்டும். எது என்று இல்லை. பெண்ணை நினைக்கவில்லை. பெண்ணை நினைக்கவில்லையா? பால்கோவா பல்லில் இருக்கும்போது வேறு எதை நினைத்திருக்க முடியும்? உடனே துடைத்துவிட்டார். கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்தார். ஒரு நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தால் அது இருந்ததாகக் கணக்கு? ஒரு அங்குலம் தள்ளினாலும் கல்லைத் தள்ளினதுதான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கார் பின்னோக்கி வந்து தெருவில் நின்றது. அவர் கால் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கதிரேசன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, "வாங்கண்ணே, முன்னாடி உக்காருங்க" என்றார். சுகந்தி தட்டில் கற்பூரப் பொட்டலமும் மஞ்சளும் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது. அங்காயி கேட் தூணில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. "ஐயாவும் வாரீகளா" என்றாள். "நல்லது. நான் அணைக்கும்போது என் மூஞ்சியப் பாத்துக்கங்க. நாளப்பின்ன யாராச்சும் கேட்டாச் சொல்லணும்ல." இதில் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பழக்கத்தில் தேடினார். அவள் முகத்தில் குளிர் இருந்தது, காலையில் ஒன்றும் சாப்பிடாத சோர்வு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவள் பார்த்திருக்கவே இல்லை. யாரும் பார்த்திருக்கவில்லை. கேமரா முட்டாள்தனமாக வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு ஏறி உட்காரலாம். கதவைத் திறக்கக் கையை நீட்டினார். "அந்த உப்பு நான் போட்டது" என்றார்.

கதிரேசன், "என்னண்ணே?" என்றார். "கோரைக்கு. உங்க இடுக்குலேர்ந்துதான் எங்க பக்கம் வருது. களைக்கு உப்பும் எலுமிச்சையும் போட்டா சாகும்னு போன்ல பாத்தேன். உங்களைக் கேக்காமப் போட்டேன். மரமும் அதனாலதான் போச்சு. வேர்ப்பூச்சின்னு நான் சொன்னது பொய்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கதிரேசன் அவரையே பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் கையால் தட்டிச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. "களைக்காண்ணே? அடப் போங்கண்ணே. மூணு நாளா இங்க ஒருத்தரும் சோறு தின்னல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருந்தா நானே மண்வெட்டியால செதுக்கிவிட்டிருப்பேன்ல." அங்காயி எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைப் பிழிய ஆரம்பித்தாள். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. "பழம்?" என்றாள். "குங்குமம் இருந்துச்சே." "கோயில் பழம்மா. மங்கை குடுத்தது. கால் படாத இடத்துல போடச் சொன்னா." சுகந்தி அதை யோசித்துப் பார்ப்பது தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. தட்டைக் கார்மேல் வைத்துவிட்டு அவருக்கு எதிரில் வந்து நின்றாள். "சரிண்ணா. நான் நம்புறேன். சத்தியமெல்லாம் வேண்டாம். புல்லுக்காகத்தான் போட்டேன், உங்க வீட்டு மேல மனசுல ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. நீங்க சொன்னாப் போதும் எனக்கு."

எவ்வளவு சின்ன வார்த்தை. வேர்ப்பூச்சி என்று சொன்ன அதே வாயால் சொல்லிவிடலாம். இந்தத் தடவை அதில் ஒரு நியாயம்கூட இருந்தது, மூன்று நாளாகச் சோறு தின்னாதவள் கேட்கிறாள், கொடுத்தால் போய்த் தின்பாள். அவர் வாயைத் திறந்தார். அந்த மூன்றாவது பிடி உப்பின் கனம் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. சுகந்தி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரேசன் சிரிப்பை மெல்லக் குறைத்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே, என்ன யோசனை?" என்றார். அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. இனிமேல் சொன்னாலும் அது சொன்னதாகாது என்று சுகந்தியின் கண்ணிலேயே தெரிந்தது. "இருந்துச்சும்மா" என்றார் அம்பலவாணன். "ஒரு நாள். நீங்க பால்கோவா குடுத்த மறுநாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் இல்ல."

கதிரேசன் என்ஜினை அணைத்தார். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஜாதகம் சரியாக வரவில்லை என்று சொன்ன அன்றைக்குப் பார்த்த மாதிரி. சுகந்தி கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று அம்பலவாணன் எதிர்பார்த்து நின்றார். அவள் அங்காயி பக்கம் திரும்பினாள். "நீ உள்ள வா. என் புடவை ஒண்ணு தாரேன், மாத்திக்க" என்றாள். "வேணாங்க்கா. வீடு வரைக்கும் நடந்தாக் காஞ்சிரும்" என்றாள் அங்காயி. "சாயந்தரம் பாத்திரத்துக்கு வருவேல்ல?" என்று சுகந்தி கேட்கும்போதே அங்காயி கிளம்பிவிட்டாள். அம்பலவாணனைக் கடக்கும்போது நின்றாள். "ரெண்டாவதைச் சொல்லாம விட்டிருக்கலாம்ல ஐயா" என்றாள். "கேட்டாங்களே" என்றார் அவர். அங்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையத்தேன் மூணு நாளாக் கேட்டாக" என்றுவிட்டுத் தெருவின் ஓரமாக, வெயில் படுகிற பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

மாடி ஜன்னலில் திரை நகர்ந்தது. "அம்மா, இன்னும் கிளம்பலையா? யாரது?" என்று யாழினியின் குரல் கேட்டது. படுத்தபடி கேட்கிற குரல். சுகந்தி தட்டை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "போகலடி. சர்வேயர் மாமாதான். அந்த உப்பு புல்லுக்குப் போட்டதாம். ஒண்ணும் இல்ல, எந்திரிக்காம படு" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு உள்ளே போய், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மாடிக்குச் சத்தம் கேட்காதபடி கேட்டை மெதுவாகச் சாத்தினாள்.